ஏழாம் தொட்டியின் மழைக் கணக்கு

இங்கே மழை பருவமல்ல,
அழைக்காமல் வரும் உறவுக்காரர்.
கருங்கடலிலிருந்து கைவீசி வருவார்,
மலை வழிமறிக்கும்,
வாரக்கணக்கில் தங்கிவிடுவார்.
படூமியில் குடையை மறந்தவர் உண்டு,
குடையே இல்லாதவர் இல்லை.

அந்த மழைதான் என் வேலை.

ஏழாம் எண் தொட்டியைச் சுற்றி
இடுப்பளவு காங்கிரீட் கரை.
தொட்டி உடைந்தால் டீசல் கடலுக்குப் போகாமல்
பிடித்து நிறுத்தக் கட்டியது.
தொட்டி இதுவரை உடையவில்லை.
கரை பிடித்ததெல்லாம் மழையைத்தான்.

மூலையில் ஒரு வால்வு.
பூட்டு வால்வில், சாவி என் கழுத்தில்.
தெளிந்திருந்தால் அது மழைநீர்,
திறந்து அனுப்பலாம்.
மேலே படலம் மிதந்தால்
அதே தண்ணீருக்கு வேறு பெயர்:
அபாயக் கழிவு.
நான்கு பிரதி, சிவப்பு முத்திரை,
மலைக்கு அப்பால் எரிப்பு ஆலை வரை லாரி வாடகை.

நவம்பர் இரவு அது, கோச்சா.
கரைக்குள் கெண்டைக்கால் வரை தண்ணீர்.
உன் தெர்மோஸிலிருந்து பாதித் தேநீரை
எனக்கு ஊற்றிக்கொண்டேதான் சொன்னாய்:
"நஸிப்ரோலா, திறந்துவிடேன்.
இந்த இருட்டில் யார் பார்ப்பது?
இருபத்துநாலு லாரிக்கு
நம் சம்பளத்திலா பிடிப்பார்கள் என்று
காலையில் நீயே புலம்புவாய்."

டார்ச்சை அடித்தேன்.
மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம்,
வெளிச்சம் பட்டதும் புரண்டு படுத்தது.
அழகாகத்தான் இருந்தது.
அதுதான் சங்கடம்.

நான் திறக்கவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல,
நான்கு பிரதியிலும் கையெழுத்து என்னுடையது.

உறிஞ்சும் துணியைச் சுருள் சுருளாக எறியலாம்.
ஆனால் எண்ணெயைத் துடைத்த துணியும் கழிவு,
துணியைத் தொட்ட கையுறையும் கழிவு,
கையுறையைப் போட்ட பீப்பாயும் கழிவு.
துடைக்கத் துடைக்கப் பெருகும்
ஒரு குடும்பம் அது.

அதனால் துடைப்பதை விட்டுத் தேடினேன்.
குழாயோடு குழாயாக,
பூட்ஸுக்குள் தண்ணீர் ஏற,
தொட்டியின் பின்புறம், யாரும் போகாத பக்கம்.
இரண்டு குழாய் சேரும் விளிம்பில்
மூன்றாவது போல்ட்டுக்குக் கீழே
ஒரு சொட்டு.
விரல் விட்டு எண்ணினேன்.
பதினோரு நொடி கழித்து
இன்னொன்று.

உள்ளே இருந்த கேஸ்கெட் நைந்துபோயிருந்தது.
ஒரு தட்டு ஹச்சாபுரியைவிட விலை குறைவு.
யார் கவனிக்காமல் விட்டது என்று
கோபமாகப் பதிவேட்டைப் புரட்டினேன்.
நீ பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடித்தாய்.

மூன்று வாரத்துக்கு முன், பகல் பணி:
"ஏழாம் தொட்டி. விளிம்பில் ஈரம்.
மழையாக இருக்கலாம்."
கீழே
என் கையெழுத்து.

நீ ஒன்றும் சொல்லவில்லை.
மிச்சத் தேநீரையும் எனக்கே ஊற்றினாய்.

மூன்று வாரச் சொட்டையும் கூட்டினால்
ஒரு வாளி நிறையும், அவ்வளவுதான்.
அந்த ஒரு வாளி
இருபத்துநாலு லாரி வானத்தைக் கெடுத்திருந்தது.

விடிந்ததும் குழாயை மூடி, வடித்து,
புதிய கேஸ்கெட்டை இறுக்கினோம்.
ஆய்வகத்து எதேரி பிரிப்பான் இயந்திரத்தை இழுத்து வந்தாள்.
நான்கு நாள் அது இருமிக்கொண்டே ஓடியது.
ஐந்தாம் நாள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இது மழை" என்றாள்.
வால்வைத் திறந்தேன்.
போன தண்ணீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிஞ்சியது ஒன்றரைப் பீப்பாய்.
இல்லை, இன்னொன்றும் இருக்கிறது:
அந்தப் பழைய கேஸ்கெட்.
உள்ளங்கை அகலம், கறுப்பு வளையம்.
அதற்கும் ஒரு பை, அதற்கும் ஒரு சீட்டு.

கழிவு உண்டான காரணம் என்று ஒரு கட்டம்.
எப்போதும் அவசரமாகத் தாண்டிவிடுவேன்.
அன்றைக்குப் பேனாவை உதறி உதறி எழுதினேன்:

மழை அல்ல.